துணிக்கடைப் பொம்மையும் உயிர்காக்கும் பொம்மையும்

குப்பம் கடைவீதியில் ஜவுளிக்கடை நடத்தும் நம் வாடிக்கையாளர் ஒருவர், கடன் புதுப்பிப்புக்காக அளித்த சரக்கிருப்புப் பட்டியலில், வாசலில் சேலை உடுத்தி நிற்கும் ஆறு பொம்மைகளையும் சேர்த்திருந்தார். அவை விற்பனைச் சரக்கல்ல, தளவாடம். வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 10 விழுக்காடு தேய்மானம் கோரத்தக்கவை என விளக்கினோம். அவரோ, "சரக்கை விற்றுத் தருவதே அவைதாமே!" என்றார். அதுவும் மெய்யே.

இப்பொம்மைகளைக் குறிக்கும் 'மேனிக்வின்' என்னும் சொல், 'சிறு மனிதன்' எனப் பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. 1922இல் கண்டறியப்பட்ட எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறையில் கைகளற்ற மர உருவம் ஒன்று கிடைத்தது. மன்னரின் ஆடையணிகளைப் பொருத்திப் பார்க்க அது பயன்பட்டிருக்கலாம் என்பர். பிற்காலத்தில் கடைகளில் நின்ற மெழுகுப் பொம்மைகள் பெருங்கனமுடையவை. வெப்பத்தில் உருகவும் செய்தன. கண்ணாடியிழை வந்தபின் அத்தொல்லை நீங்கியது.

துணி விற்பதற்கு மட்டுமே பொம்மை என்று எண்ணிவிடலாகாது. 1759இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் ஆணைப்படி நாடெங்கும் சென்ற மருத்துவச்சி து கூத்ரே அம்மையார், துணியாலும் தோலாலும் செய்த பொம்மையைக் கொண்டு ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பேறுகால மருத்துவம் கற்பித்தார்.

நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டாலின் சின்னஞ்சிறு மகன் ஒருமுறை நீரில் மூழ்கி, தந்தையின் கைகளால் உயிர்பிழைத்தான். பின்னர் மருத்துவர்கள் அவரை நாடியபோது, முதலுதவிப் பயிற்சிக்கென 'ஆன்' என்னும் பொம்மையை உருவாக்கி 1960இல் வெளியிட்டார். பாரிஸில் ஸேன் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டதாகக் கூறப்படும் பெயரறியாப் பெண்ணொருத்தியின் முகமே அதற்கு வாய்த்தது. இத்தகைய பொம்மைகளில் இன்று மருத்துவ மாணவர்களும் பயில்கின்றனர். நம் குப்பத்திலும் பி.இ.எஸ். மருத்துவக் கல்லூரி உண்டு.

சென்ற ஆண்டு ஓய்வூதிய வரிசையில் முதியவர் ஒருவர் நம் கிளையில் சுருண்டு விழுந்தார். விசிறினோம், தண்ணீர் தெளித்தோம். வேறெதுவும் எவர்க்கும் தெரியவில்லை. நல்வாய்ப்பாக அது வெறும் மயக்கமே. அதன்பின் ஊழியர் அனைவரும் பயிற்சி பெற்றோம். விழுந்தவர் அசைவின்றி, இயல்பாக மூச்சின்றி இருப்பின் உடனே 108ஐ அழைக்கச் செய்து, நடுமார்பில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்த வேண்டும். சொல்வது எளிது. பொம்மையின்மீது செய்து பார்த்தபோது இரண்டே நிமிடங்களில் நம் கைகள் சோர்ந்தன. அடுத்தவர் மாற வேண்டியதாயிற்று.