35 கோடி மின்னஞ்சல், 28 வாடிக்கையாளர்

1978 மே மாதம். டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி தூர்க், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். 1994-இல் அரிசோனா வழக்கறிஞர்கள் இருவர், கிரீன் கார்டு குலுக்கலுக்கு மனுப்போட்டுத் தருவதாக யூஸ்நெட் என்ற இணைய விவாத வலையின் ஆயிரக்கணக்கான குழுக்களில் விளம்பரம் போட்டார்கள். இரண்டுக்கும் கடும் கண்டனம் எழுந்தது. ஆனாலும் அவர்கள் சொந்தப் பெயரில் வந்தவர்கள். திட்ட ஒரு முகவரியாவது இருந்தது.

அடுத்து வந்தவர்கள் முகத்தை மறைத்தார்கள். வைரஸ் புகுந்த வீட்டுக் கணினிகள், உரிமையாளருக்கே தெரியாமல், இரவும் பகலும் போலி மருந்து விளம்பரங்களை அனுப்பின. கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'ஸ்டார்ம்' என்ற, அத்தகைய கணினிகளின் வலைப்பின்னலுக்குள் நுழைந்து கணக்கெடுத்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். 26 நாளில் அவர்கள் கண்காணித்தவை சுமார் 35 கோடி மின்னஞ்சல்கள். வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். அவர்கள் கண்காணித்தது அந்த வலைப்பின்னலின் சிறு பகுதியைத்தான். எந்தக் கடையும் தாங்காத இந்த விகிதத்தில் இந்தத் தொழில் நடந்ததற்குக் காரணம், செலவில் பெரும்பகுதி அடுத்தவர் தலையில் விழுந்ததுதான்.

மின்னஞ்சல் வடிகட்டிகள் தேறியதும் மோசடி இடம் மாறியது. இன்று அது சமூக ஊடகத் தளங்களில் காசு கொடுத்தே விளம்பரமாக வருகிறது. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் முதலீட்டுத் திட்டம் ஒன்றைப் பரிந்துரைப்பதுபோல் ஏஐ-யால் செய்த வீடியோக்களைப் போலி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் (பிஐபி) பலமுறை அறிவித்திருக்கிறது. யார் எதைத் தேடுகிறார், எதில் நின்று பார்க்கிறார் என்று தளங்கள் திரட்டிய தகவலே ஏமாறக்கூடியவரைத் தேடித் தருகிறது. முன்பு குப்பையைச் சுமந்து நட்டப்பட்டவை மின்னஞ்சல் நிறுவனங்கள். இப்போது அதைக் காட்டும் தளத்துக்கு வருமானம். மோசடி மற்றும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்து 2024 வருவாயில் சுமார் 10% வரும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா தனக்குள் கணித்திருந்ததாக 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் எழுதியது. அது தோராயமான, மிகைப்பட்ட கணக்கு என்றது மெட்டா. கணக்கு எதுவானாலும், பணம் வாங்கிக்கொண்டு விளம்பரம் போடுகிறவர், கொடுப்பவர் யாரென்று விசாரித்தே ஆக வேண்டும். 'உஷாராக இருங்கள்' என்று மக்களிடம் மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது அநியாயம்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். மோசடிக்காரர் அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் புகார் போனால், வங்கியில் தொகையை நிறுத்திவைக்க வழி உண்டு.