கிணற்றிலிருந்து தொட்டி வரை: எதை நாமே செய்யலாம், எதில் கை வைக்கக் கூடாது?

குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஆனி, ஆடி மாதங்களில் சங்கரன்கோவிலில் காற்று மட்டும்தான் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் இங்கே கிணறும் போரும் இருக்கின்றன. ஆடித்தபசுக்கு உறவுக்காரர்கள் வந்து வீடு நிறையும்போதுதான் தண்ணீர்க் கணக்கு நமக்கு உறைக்கும். சரி, உங்கள் வீட்டில் போர் போட்டாயிற்று அல்லது பழைய கிணறு இருக்கிறது. மோட்டார் வைத்து மாடித் தொட்டிக்குக் குழாய் இழுக்க ஃபிட்டர் ஒரு தொகை சொல்கிறார். அதில் பாதி வேலையை நாமே செய்துவிட்டால் என்ன?

செய்யலாம். முதலில், எஸ்டிமேட்டில் சாமான் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். மொத்தமாக ஒரே தொகையாகச் சொன்னால் எதை மிச்சப்படுத்தலாம் என்பதே தெரியாது. குழாய் புதைக்கப் பள்ளம் வெட்டுவது, பிவிசி குழாயை அளந்து அறுப்பது, எல்போ, சாக்கெட் ஒட்டுவது, தொட்டியில் கேட் வால்வு மாட்டுவது எல்லாம் பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு யூனியன் வைக்க மறக்காதீர்கள். நாளை மோட்டாரைக் கழற்ற வேண்டி வந்தால் குழாயை அறுக்க வேண்டியிருக்காது.

காசு வீணாவது பெரும்பாலும் மோட்டார் தேர்வில்தான். தரையில் வைக்கும் மோனோபிளாக் மோட்டார் தண்ணீரை உறிஞ்சுவதே காற்றழுத்தத்தின் தயவில். கணக்குப்படி 34 அடி, நடைமுறையில் ஏறக்குறைய 22 அடிதான். கோடையில் தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே இறங்கும் கிணறு என்றால் எவ்வளவு குதிரைத்திறன் வாங்கினாலும் ஏறாது. அங்கே நீர்மூழ்கி மோட்டார்தான் வழி. அதேபோல, மோட்டாரின் வாய் ஒன்றேகால் இஞ்ச் இருக்க, விலை குறைவு என்று ஒரு இஞ்ச் குழாய் போட்டால் அதே அளவு தண்ணீரைத் தள்ள உராய்வு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. குழாயில் மிச்சம் பிடித்ததை மின் கட்டணத்தில் கட்டுவீர்கள்.

அந்தக் கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட். தினமும் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட். முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் சின்னக் குடும்பத்துக்குச் சுமை தெரியாது. ஆனால் ஏற்கெனவே 450 யூனிட் ஓடுகிற வீட்டில் இந்த 60 சேர்ந்து 500-ஐத் தாண்டினால், 101 முதல் 200 வரைக்குள்ள குறைந்த விலையும் கைவிட்டுப் போகும்.

இனி, கை வைக்கக் கூடாத இடம். மோட்டாருக்கு வயர் கொடுப்பது, கேபிள் ஜாயின்ட், ஸ்டார்ட்டர், எர்த் எல்லாம் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் வேலை. விதியும் அதைத்தான் சொல்கிறது. விசைத்தறி ஊர்க்காரர்கள் பலருக்கு மோட்டார் வயரிங் பழக்கம் உண்டு, தெரியும். ஆனால் தறிக்கூடத்தில் தரை காய்ந்திருக்கும், கிணற்றடியில் கால் ஈரமாக இருக்கும். தனி எர்த் குழி தோண்டச் சொல்லுங்கள் (குழியை வேண்டுமானால் நீங்களே தோண்டலாம்). 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொல்லுங்கள். மோட்டாரைக் கேபிளைப் பிடித்து இறக்கவோ தூக்கவோ கூடாது, அதற்கு நைலான் கயிறு. மெயினை அணைக்காமல் கிணற்றுப் பக்கமே போக வேண்டாம். கம்பத்திலோ சர்வீஸ் வயரிலோ கோளாறு என்றால் மின்னகம் எண் 94987 94987.

இன்னொரு தவறு, பார்க்கச் சாதாரணமாக இருக்கும். நகராட்சிக் குழாயையும் மோட்டார் குழாயையும் ஒரு 'டீ' போட்டு இணைத்து ஒரே லைனாகத் தொட்டிக்கு ஏற்றுவது. பத்தடி குழாய் மிச்சம்தான். ஆனால் தெருக் குழாயில் தண்ணீர் நின்றதும் அழுத்தம் குறையும். அப்போது உங்கள் கிணற்றுத் தண்ணீர் பின்னோக்கிப் போய்த் தெருவுக்கே கலக்கும். நான் ரிட்டர்ன் வால்வு இருக்கிறதே என்பீர்கள், அது தேயும், மண் சிக்கினால் மூடாது. இரண்டும் தனித்தனியாகத் தொட்டிக்கு வரட்டும். நகராட்சிக் குழாயின் வாய், தொட்டி நிரம்பினாலும் தண்ணீரைத் தொடாத உயரத்தில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் குடிக்க எடுக்காதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஃபுளோரைடு 1.5-ஐத் தாண்டக் கூடாது, காய்ச்சினாலும் அது போகாது. திறந்த கிணறு என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர். 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள வட்டக் கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும், 24 கிராம் போதும். வாளியில் கரைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கியபின் தெளிவை மட்டும் இரவில் ஊற்றுங்கள். காலையில் இறைக்கலாம்.

பழைய போர் வற்றியதால் அதிலிருந்த மோட்டாரையும் குழாயையும் கழற்றிப் புதியதில் போடுபவர்கள் நிறைய. செலவு குறையும், நல்லதுதான். ஆனால் குழாயை உருவிய பழைய போரின் வாய் திறந்து கிடக்கும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது கைவிட்ட போரில்தான். சாக்குப் பையோ கல்லோ வைத்து மூடினால் போதாது. களிமண், மணல், கூழாங்கல் போட்டு அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். புதிய போருக்கும் இரும்பு மூடியை நட்டுப் போல்ட்டோடு முடுக்கிவிட்டுத்தான் ஃபிட்டரை அனுப்புங்கள்.