வால்வு ரேடியோவில் வால்வைச் சந்தேகிக்காதீர்கள்

பழைய வால்வு ரேடியோ ஒன்று பேசாமல் கிடந்தால், பார்ப்பவர் கை முதலில் வால்வைத்தான் தேடிப் போகும். கண்ணாடியால் ஆனது, சூடாகிறது, உள்ளே ஒரு இழை செக்கச்செவேலென்று எரிகிறது. கெட்டுப்போயிருந்தால் அதுதான் கெட்டிருக்கும் என்று தோன்றுவது இயல்பு. அமெச்சூர் வானொலிக்காரர்களில் பழைய கருவிகளைப் பழுதுபார்த்து மீட்பவர்கள் வேறு மாதிரிச் சொல்வார்கள். பல வால்வுகள் அறுபது ஆண்டு கழித்தும் வேலை செய்யும். கெட்டுப்போவது அவற்றுக்கு அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில் பற்றவைத்திருக்கும் மலிவான கண்டன்சர்தான்.

வால்வு ஏன் அவ்வளவு தாங்குகிறது? பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடு பூசிய கேதோடு 700 டிகிரிக்கு மேல் சூடாகி எலெக்ட்ரான்களை உதிர்க்கிறது. அவை வெற்றிடத்தைக் கடந்து தகட்டுக்குப் பாய்கின்றன. நடுவில் இருக்கும் கிரிட் என்ற கம்பி வலைக்குச் சிறிய மின்னழுத்தம் கொடுத்தால், அந்தப் பெரிய ஓட்டத்தையே அடக்கவும் திறந்துவிடவும் முடியும். லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் மூன்றாவது மின்முனையைச் சேர்த்ததிலிருந்து வந்த வித்தை இது. உள்ளே காற்று இல்லாததால் துரு இல்லை, ஈரம் இல்லை. கண்ணாடியில் தெரியும் வெள்ளிப் பூச்சு பேரியம். மிச்சமீதி வாயுவையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று புகுந்துவிட்டால் அந்தப் பூச்சு வெண்மையாகிவிடும், எடுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நான் மிகவும் வியக்கும் கருவி ஆர்-390ஏ. 1950களில் அமெரிக்கப் படைகளுக்காகக் காலின்ஸ் நிறுவனம் வடிவமைத்த ரிசீவர் இது. 26 வால்வுகள், கிட்டத்தட்ட 40 கிலோ எடை. அரை மெகாஹெர்ட்ஸிலிருந்து 32 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். ராணுவம் கழித்துக்கட்டியபின் ஏராளமானவை அமெச்சூர் வானொலிக்காரர்களின் மேசைக்கு வந்தன. மூடியைத் திறந்து குமிழைத் திருப்புங்கள்: பற்சக்கரங்கள் சுழல, கேம்கள் உயர்த்த, காந்த உள்ளகங்களைத் தாங்கிய சட்டங்கள் சுருள்களுக்குள் ஏறி இறங்கும். முகப்பில், பழைய கார்களில் ஓடிய தூரத்தைக் காட்டுவதுபோல எண் சக்கரங்கள் உருண்டு கிலோஹெர்ட்ஸைச் சொல்லும்.

இந்தப் பெட்டியின் உயிர் அதிலுள்ள நான்கு மெக்கானிக்கல் ஃபில்டர்களில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு சிறு உலோகக் குப்பி. உள்ளே வரிசையாக உலோக வட்டுகள், அவற்றை இணைக்கும் மெல்லிய கம்பிகள். உள்ளே நுழையும் மின்சமிக்ஞை ஒரு சுருளில் காந்தப்புலமாகிறது. காந்தப்புலத்தில் நீண்டு சுருங்கும் உலோகம் வட்டுகளை அதிரவைக்கிறது. 455 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய அதிர்வுகள் மட்டுமே வட்டு வட்டாகக் கடந்து மறுமுனையை அடைகின்றன. அங்கே இன்னொரு சுருள் அவற்றைத் திரும்ப மின்சாரமாக்குகிறது. கடல் கடந்து வந்த ஒரு குரல், காதை எட்டுமுன் ஒரு நொடியின் சிறு பகுதி நேரம் உலோகத்தின் நடுக்கமாக வாழ்ந்துவிட்டு வருகிறது! இதே ஃபில்டரைப் புதிதாகச் செய்துதர இன்று ஆள் தேடுவது கடினம்.

இந்த அரிய பொருளுக்கும் சுமார் 200 வோல்ட் மின்னழுத்தத்துக்கும் நடுவே காவல் நிற்பது ஒரே ஒரு கண்டன்சர். வரைபடத்தில் அதன் பெயர் சி-553. அது ஷார்ட் ஆனால் நேர்மின்சாரம் நேராக ஃபில்டரின் சுருளில் பாயும். தலைமுடிபோன்ற கம்பி கருகிவிடும். அதனால்தான் விவரம் அறிந்தவர்கள், வாங்கி வந்த செட்டுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே சி-553-ஐ மாற்றிவிடுகிறார்கள். 'ஓடுகிறதா என்று ஒருமுறை பார்ப்போமே' என்ற ஆசைக்கு இங்கே இடம் இல்லை.

அடுத்த சந்தேகம் எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள்மீது. அவற்றில் மின்காப்பாக இருப்பது அலுமினியத் தாளின் மேல் வளர்ந்த ஆக்சைடு படலம். 300 வோல்ட்டைத் தாங்கும் படலம்கூட ஒரு மைக்ரோமீட்டர் தடிமன் இருக்காது. மின்சாரம் படாமல் பல ஆண்டுகள் கிடந்தால் படலம் நலிகிறது. மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல, மணிக்கணக்கில் ஏற்றினால் அது மறுபடி வளரும் என்பது அழகான வேதியியல். உள்ளே திரவம் காய்ந்துபோயிருந்தால் அதுவும் பலிக்காது. ஆர்-390ஏவில் இவை வால்வைப் போலவே சாக்கெட்டில் செருகும் குப்பிகள். பலர் குப்பியைத் திறந்து உள்ளே புதியவற்றை வைத்து மூடிவிடுகிறார்கள். பழைய தோற்றத்துக்காக அபாயத்தை வைத்திருப்பதைவிட இது நல்ல வழி என்பது என் எண்ணம்.

கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு ஏறியிருக்கும்; மீட்டர் வைத்துப் பார்த்து மாற்றலாம். செட்டின் சொந்த மீட்டர்களின் முகப்பில் கதிரியக்கமுள்ள ரேடியம் பூச்சு இருக்கக்கூடும். அதைத் திறக்கவோ சுரண்டவோ கூடாது.

பொறுமையைக் கடைசிவரை கேட்பது, குமிழைத் திருப்பும்போது அலைவெண்ணை நகர்த்தும் ஆஸிலேட்டர். அதன் தண்டைப் பத்துச் சுற்று திருப்பினால் அலைவெண் சரியாக 1000 கிலோஹெர்ட்ஸ் நகர வேண்டும். காலப்போக்கில் இந்தக் கணக்கு பிசகுகிறது. திருத்துவதற்கென்றே உள்ள சிறு சுருளின் உள்ளகத்தைத் திருகிப் பார்ப்பார்கள். அந்தத் திருகும் எல்லைக்கு வந்துவிட்டால், அந்தச் சிறு சுருளிலிருந்தே ஒரு சுற்றை அவிழ்த்துவிட்டு, மறுபடி பற்றவைத்து, செட்டுக்குள்ளேயே இருக்கும் 100 கிலோஹெர்ட்ஸ் அளவுச் சமிக்ஞையோடு டயலை ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட்டுக்கொண்டே போவார்கள்.