புகுந்த வீட்டில் விட்டுவந்த பொருள் யாருக்கு?

வீடு, நிலம் என்றால் பத்திரம் இருக்கும். பீரோவில் வைத்த நகைக்கும் பரணில் கிடக்கும் பாத்திரத்துக்கும் அது கிடையாது. விவாகரத்துக்குப் பிறகு இவற்றைப் பற்றிய சண்டை நீள்வது அதனால்தான். “போட்டுவிட்டுத்தானே போனாள், இனி எங்களுடையது” என்பார்கள் ஒரு பக்கம். “எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டார்கள்” என்பார்கள் மறுபக்கம்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. திருமணத்தின்போதும் அதற்கு முன்பும் பின்பும் பெண்ணுக்குக் கிடைத்த நகை, பணம், பரிசுகள் அவளுடைய சீதனம். முழு உரிமை அவளுக்கே. கணவரிடமோ மாமியாரிடமோ பாதுகாக்கக் கொடுத்திருந்தால் அவர்கள் காவலர்கள் மட்டுமே. கேட்டும் தர மறுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் சொன்னது. பிறந்த வீட்டார் போட்ட நகை என்றாலும், மகள் ஒப்புதல் தராமல் தந்தைகூட அதைக் கேட்க முடியாது என்று 2024-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது.

அதே ஆண்டில் கேரளத் தம்பதியரின் வழக்கு ஒன்றும் முடிவுக்கு வந்தது. 89 பவுன் நகையைத் திருமண இரவிலேயே கணவர் வாங்கித் தன் தாயிடம் பத்திரப்படுத்தக் கொடுத்தார் என்பது மனைவியின் புகார். குடும்ப நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆதாரம் போதாதென்று உயர் நீதிமன்றம் மாற்றியது. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்ப்பதே இத்தகைய உரிமை வழக்குக்குப் போதும் என்ற உச்ச நீதிமன்றம், 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

ஆக, உரிமை இருக்கிறது, நிரூபிப்பதில்தான் சிக்கல். பலர் தோற்பது இங்கேதான், அதுவும் தாங்களே அனுப்பிய செய்திகளால். “உங்கம்மா என் நகையை எல்லாம் வித்துட்டாங்க” என்று ஒரு பெண் வாட்ஸ்அப்பில் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விற்றதை அவள் பார்த்தாளா? இல்லை, ஊகிக்கிறாள். பதிலுக்கு வருவது வசவு மட்டும். அவளுக்கு உண்மையில் தெரிந்தது வேறு: நகையை எந்த மாதம் கொடுத்தாள், யார் வாங்கி வைத்தார், லாக்கர் யார் பெயரில். அதை மட்டும் எழுதி, “எப்போது வந்து வாங்கிக்கொள்ளலாம்?” என்று கேட்கட்டும். “அடுத்த வாரம் வா” என்று பதில் வந்தால், பொருள் அங்கேதான் இருக்கிறது என்பதற்கு அந்தப் பதிலே வலுவான சான்று. பதிலே வராவிட்டாலும், அவள் கேட்டதற்குத் தேதியோடு பதிவு இருக்கும். எதிர்த்தரப்பின் மௌனத்தைச் சம்மதம் என்றோ திருட்டு என்றோ அவசரப்பட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது. நகைக்கடை ரசீது, கல்யாணப் படங்கள், லாக்கர் திறந்த தேதிகள் ஆகியவற்றோடு சேர்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

பொருளை வைத்திருப்பவருக்கும் இதே கவனம் தேவை. பெண் வீட்டில் கணவரின் பைக்கோ சான்றிதழ்களோ தங்கிவிடுவதும் உண்டு. படம் எடுத்து, பட்டியல் போட்டு, எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதுங்கள். ஒப்படைக்கும்போது கையெழுத்து வாங்குங்கள். கோபத்தில் விற்றால் வழக்கு உங்கள் மீது திரும்பும்.

பேசித் தீராதபோது குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, எந்த மதத்துப் பெண்ணும் சீதனத்தைத் திருப்பித் தரும் உத்தரவை மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம். பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவில் “இனி ஒருவரிடம் ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரி வருவது சகஜம். நகை கைக்கு வராமல் அதன் கீழ் கையெழுத்துப் போடாதீர்கள். வர வேண்டியவற்றைப் பெயரோடும் எடையோடும் அந்த மனுவிலேயே எழுதச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.