பழைய கணினியும் புதிய இயங்குதளமும்

கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஒருங்கிணைத்து இயக்கும் மென்பொருளே இயங்குதளம் ஆகும். நம் ஹைதராபாத்தில் 1998 முதல் மேம்பாட்டு மையம் நடத்திவரும் மைக்ரோசாப்ட் நிறுவனம், 2021இல் விண்டோஸ் 11 இயங்குதளத்தை வெளியிட்டது. அதனை நிறுவக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும், மறைகுறித் திறவுகோல்களைக் காக்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறும் வேண்டும். இவை இல்லாத கணினி, பழுதின்றி இயங்கினாலும் தகுதி பெறாது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. ஆதரவு நின்றதால் கணினி நின்றுவிடாது. ஆயினும், நீட்டிப்புப் பெறாத கணினிகளில் புதிய பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படா. தகுதிச் சோதனையைத் தவிர்த்துப் புதிய தளத்தை நிறுவுவோரும் உளர். அக்கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்னும் உறுதி இல்லை.

வேறு வழி யாது? 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸின் எளிய வகைகள் பழைய கணினிகளிலும் இயங்கும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழும் தெலுங்கும் உண்டு. முதலில் கோப்புகளைப் படியெடுத்து வைத்திடுக. பின்னர்ப் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்திடுக. வீட்டு மூலையில் கிடக்கும் கணினியை எறியுமுன், அதற்கேற்ற தளம் உண்டா என ஆராய்வது அறிவுடைமை ஆகும்.