லொறியின் வெப்ப முள் ஏறாவிட்டால்: ‘குளிர்மையாக ஓடுது’ என்று விட்டுவிடலாமா?

சம்மாந்துறையில் அரிசி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் லொறியானாலும் சரி, மரக்கறி எடுக்க நுவரெலியாவுக்கு ஏறும் லொறியானாலும் சரி, சாரதி அடிக்கடி பார்ப்பது எஞ்சின் வெப்ப மீற்றரைத்தான். முள் ‘எச்’ பக்கம் ஏறினால் உடனே வண்டியை ஓரங்கட்டுவார். ஆனால் அதே முள் நாள் முழுக்க ‘சி’ பக்கமே கிடந்தால் கல்முனைக் கரையோரத்தில் பெரும்பாலும் யாரும் அலட்டிக்கொள்வதில்லை. “அது நல்லம்தானே தம்பி, எஞ்சின் குளிர்மையா ஓடுது” என்பதே வழக்கமான பதில்.

உண்மையில் அது நல்ல செய்தி அல்ல. சூடான நமது கரையோரத்தில், சுமையுடன் ஒரு மணித்தியாலம் ஓடிய டீசல் எஞ்சின் தானாகக் குளிர்ந்திருக்க வாய்ப்பில்லை. ஒன்றில் மீற்றர் பொய் சொல்கிறது. அல்லது வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பாகம் வேலை செய்யவில்லை.

பெரும்பாலான டீசல் லொறிகளின் எஞ்சின் தண்ணீர் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரையான சூட்டில் ஓட வேண்டும். அதற்குக் கீழே ஓடினால் டீசல் முழுமையாக எரியாது. எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலுடன் கலக்கும். ஒயில் அதன் தன்மையை இழக்க, பிஸ்டன் வளையங்களும் சிலிண்டரும் வேகமாகத் தேயும். டீசலில் உள்ள கந்தகம், குளிர்ந்த சுவரில் படியும் ஈரத்துடன் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். டீசல் செலவும் கூடும். 2022 இல் கியூ.ஆர். அட்டையுடன் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு ஒரு லீற்றரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் தொடங்கியது. ஆகவே பலருக்கு இருக்கும் பழைய எஞ்சின்தான் முதல். அதைக் காப்பாற்றுவதுதான் பிழைப்பு.

முதலில் பார்க்க வேண்டியது மீற்றரை அல்ல, தண்ணீரை. எஞ்சின் முழுதாக ஆறியபின், காலையில், ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். சூட்டோடு ஒருபோதும் திறக்க வேண்டாம். தண்ணீர் குறைந்து, சென்சரின் நுனி தண்ணீருக்கு வெளியே நின்றால், அது காற்றின் சூட்டைத்தான் காட்டும். உள்ளே எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, முள் மட்டும் கீழே கிடக்கும். ‘குளிர்மை’ என்று நம்பி ஓடினால் சிலிண்டர் ஹெட் வளைந்துபோகலாம்.

தண்ணீர் சரியாக இருந்தால், முள் காட்டுவது உண்மையா என்று உறுதிப்படுத்த வேண்டும். பல கராஜ்களில் தொடாமலே சூட்டை அளக்கும் கருவி இருக்கிறது. வண்டியைச் சுமையுடன் ஓட்டி வந்து, தேர்மோஸ்டட் பொருத்தப்பட்ட வீட்டின் மேல் அதைப் பிடியுங்கள். கருவி 85 காட்ட, முள் ‘சி’யில் நின்றால் எஞ்சினில் பிழை இல்லை, சென்சர், வயர், மீற்றர் மூன்றில் ஒன்றில்தான் பிழை. கடற்காற்றில் உள்ள உப்பு வயர் முனைகளில் பச்சைப் பாசிபோல் அரிப்பை உண்டாக்கும். அதைச் சுத்தம் செய்தாலே சில வேளை முள் எழும்பிவிடும். ஒற்றை வயர் சென்சர் உள்ள பழைய லொறிகளில், அந்த வயரைக் கழற்றி எஞ்சின் உடம்பில் ஒரு கணம் தொட்டால் முள் ‘எச்’ பக்கம் ஏற வேண்டும். ஏறினால் சென்சரை மாற்றுங்கள். ஏறாவிட்டால் வயரையோ மீற்றரையோ பாருங்கள். கம்பியூட்டர் உள்ள புதிய லொறிகளில் இப்படிச் செய்யக் கூடாது. ஸ்கேனர் கொண்டே பார்க்க வேண்டும்.

கருவியும் 60, 65 என்று காட்டினால் எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்து ஓடுகிறது. அப்போது முதல் சந்தேகம் தேர்மோஸ்டட் மீதுதான். அதனுள்ளே இருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும், ஆறும்போது மூடும். திறந்தபடியே இறுகிவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டருக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இதைக் கையாலேயே அறியலாம். காலையில் ஸ்டார்ட் செய்து, சுழலும் பேனுக்குக் கை படாமல், ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். தேர்மோஸ்டட் மேல் குழாய்ப் பக்கம் உள்ள எஞ்சின்களில், அது நல்லதாக இருந்தால் குழாய் நெடுநேரம் குளிர்ந்தே இருந்து பின்பு சட்டென்று சுடும். ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே எஞ்சினோடு சேர்ந்து மெதுவாகச் சூடேறினால் தேர்மோஸ்டட் மூடவில்லை. கழற்றிய தேர்மோஸ்டட்டைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டுச் சூடாக்கியும் பார்க்கலாம். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டையொட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

ஆனால் பல லொறிகளில் கழற்றிப் பார்க்க அங்கே தேர்மோஸ்டட்டே இருப்பதில்லை. கரையோரக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் அடைத்து, எப்போதோ எஞ்சின் சூடேறியிருக்கும். ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, “நம்மட சூட்டுக்கு இது தேவையில்ல” என்று தேர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். நோய் அப்படியே இருக்க, அறிகுறி மட்டும் மறைந்தது. சில எஞ்சின்களில் இது இரட்டை இழப்பு. தேர்மோஸ்டட் திறக்கும்போது ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் குறுக்கு வழியையும் அதுவே மூடுகிறது. அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ஆறாமலே திரும்பும். சமதரையில் குளிர்ந்து ஓடும் அதே எஞ்சின், மஹியங்கனையின் 18 வளைவில் சுமையோடு ஏறும்போது கொதிக்கும்.

பேன் எந்நேரமும் இரைந்து சுழல்கிறது, அதனால்தான் குளிர்கிறது என்பாரும் உண்டு. தேர்மோஸ்டட் ஒழுங்காக மூடினால், பேன் மட்டும் எஞ்சினை இவ்வளவு குளிரவைக்காது. அதே வேளை, மலையிறக்கத்திலும், வெறுமனே ஸ்டார்ட்டில் நிற்கும்போதும் முள் சற்று இறங்குவது இயல்பே. சுமை வந்ததும் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சரியான பாகை பொறித்த தேர்மோஸ்டட், நல்ல கூலண்ட், சுத்தமான ரேடியேட்டர் மூன்றும் சேர்ந்துதான் மருந்து. பழைய லொறி வாங்கப் போகிறவர்களும், கராஜில் விடுகிறவர்களும் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: “காக்கா, இதில தேர்மோஸ்டட் இருக்கா?”