கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒரு வரி



அருங்காட்சியகம் என்றால் பழைய பொருள்களைப் பாதுகாக்கும் கட்டடம் என்றுதான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் வருவதற்கு முன்பே மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன. எதைச் சேகரிப்பது, எதன் பக்கத்தில் வைப்பது, அதற்குக் கீழே என்ன எழுதுவது என்பவையே அவை. இவற்றை யார் முடிவு செய்கிறார்கள் என்பதைத்தான் இந்த நினைவுரையில் பேச விரும்புகிறோம்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டது. 1885இல் அதன் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக மனிதர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் அவர் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ 7 தொகுதிகள் கொண்டது. நம் மக்கள் அந்தக் காலத்து அருங்காட்சியக ஆய்வுக்குள் நுழைந்தது இப்படித்தான்; பார்ப்பவர்களாக அல்ல, அளக்கப்படுபவர்களாக. இத்தகைய மூக்களவுக் கணக்குகளையே அண்ணல் அம்பேத்கர் 1948இல் எழுதிய ‘தீண்டப்படாதவர்கள்’ நூலில் கையில் எடுத்தார். பிராமணரும் தீண்டப்படாதவரும் வெவ்வேறு இனம் என்ற வாதம் அந்த அளவுகளாலேயே அடிபட்டுப் போவதைக் காட்டினார். சேகரித்தவரின் நோக்கம் எதுவாக இருந்தாலும், சேகரிப்பை மறுபடி வாசிக்கும் உரிமை நமக்கு உண்டு என்பதற்கு இது முதல் பாடம்.

இரண்டாவது பாடம் நம் சேலத்திலேயே இருக்கிறது. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்டுவந்த சிலை புத்தருடையது என்று 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. தொல்லியல் துறையினர் சிலையைச் சுத்தம் செய்து ஆராய்ந்தார்கள். தாமரைப் பீடம், மடியில் தியான நிலையில் வைத்த கைகள், சுருள்முடி, நீண்ட காதுகள், துண்டிக்கப்பட்டுப் பின்னர் ஒட்டப்பட்ட தலை என்று அவர்களுடைய அறிக்கை விவரித்தது. 2022 ஜூலையில் நீதிமன்றம் அது புத்தர் சிலையே என்று ஏற்றுக்கொண்டது. அந்த இடத்தைத் தொல்லியல் துறை பொறுப்பில் எடுக்க வேண்டும், அங்கே இது புத்தர் சிலை என்று பலகை வைக்க வேண்டும் என உத்தரவிட்டது.

முனியப்பனைக் கும்பிட்டவர்கள் மீது நமக்குப் பகை இல்லை. நம் வீடுகளிலும் முனியப்பன் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது பலகையைத்தான். ஒரு வரி எழுதவைக்க 11 ஆண்டுகள் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது என்றால், அந்த ஒரு வரியின் கனம் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இனி எடப்பாடிச் சுற்றுவட்டாரத்துக்கு வருவோம். மின்மோட்டார் வருவதற்கு முன் இந்தச் சமவெளியின் கிணறுகளில் கவலை ஓடியது. மாடுகள் சரிவில் இறங்க, சால் மேலே வரும். அதன் அடியில் தைத்த தோல்வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோலைச் சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டையிலும் பதப்படுத்தி, ஒழுகாமல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். தையல் விட்டால் பயிர் காயும். இன்று ஒரு சால் காட்சிக்கு வந்தால் ‘நீர் இறைக்கும் கருவி’ என்று எழுதிவிடுவார்கள். உழவரின் பெருமை சொல்லும் கூடத்தில் வைப்பார்கள். தைத்த கை அதில் இருக்காது. பொய் எதுவும் எழுதாமலே ஒரு வரலாற்றை இப்படி மறைத்துவிட முடியும்.

மேட்டூர் அணையையும் பாருங்கள். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை அது. நீர்மட்டம் இறங்கும்போது மூழ்கிய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பத்திரிகைகள் படம் போடும். கல்லும் காரையும் நிற்கின்றன. மண்சுவரும் கூரையும் தண்ணீரில் நிற்காது. பொருளாக மிஞ்சியதை மட்டுமே வரலாறு என்று எடுத்துக்கொண்டால், மிஞ்சாத பொருள்களோடு வாழ்ந்தவர்கள் இல்லாதவர்களாகிவிடுகிறார்கள்.

இதற்கு வழி உண்டா? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள், வீடுகளை இடித்தார்கள். 1994இல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தார்கள். தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். வந்த மக்கள் தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். பொருள் இல்லாத இடத்தில் நினைவே காட்சிப்பொருள் ஆனது.

நாமும் இதைச் செய்யலாம். பெரிய கட்டடம் வேண்டாம். ஒரு சமுதாயக்கூடமும் நான்கு மேசைகளும் போதும். ஆனால் சில விதிகளை வைத்துக்கொள்வோம். பொருளைத் தருபவரின் சம்மதத்தோடு, செய்தவர் பெயரையும் ஊரையும் எழுத வேண்டும். அதைப் பற்றி அவர் சொல்வதை அவருடைய பேச்சுமொழியிலேயே பதிவு செய்ய வேண்டும். பறையை வைத்தால் அடித்தவரின் பெயரோடு வைக்க வேண்டும். சாவுக்கு அடிக்க மறுத்தவர் இருந்தால் அவர் பெயரும் வேண்டும்.

இரட்டைக் குவளையை வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அவமானத்தை நாமே காட்சிக்கு வைப்பதா என்ற தயக்கம் நியாயமானது. வைக்கத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. ஆனால் ‘தலித்துகள் பயன்படுத்திய குவளை’ என்று எழுதக் கூடாது. ‘தேநீர்க் கடைகளில் சாதி இந்துக்கள் தலித்துகளுக்கென்று தனியே வைத்த குவளை’ என்று எழுத வேண்டும். வாக்கியத்தின் எழுவாய் மாறும்போது வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதும் மாறுகிறது.

கவலைத் தோல் தைக்கத் தெரிந்த கைகள் இன்று மிகவும் முதிர்ந்துவிட்டன. பழைய இரும்புக் கடைக்குச் சால்கள் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. எனவே இந்த அரங்கிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரும் தம் தெருவின் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் செய்த வேலையையும் அதற்குப் பயன்படுத்திய பொருள்களின் பெயர்களையும் எழுதி வாங்கிக்கொண்டு வர வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம்.